ஒண்ணா, ஒண்ணொண்ணா

வாங்க சார், உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, இந்தத் தரைக்குச் செருப்பே சுத்தம். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த டயர் மேல உக்காருங்க. கிளப்புல இருந்து ஆள் வருவாங்கன்னு தெரியுமுங்க. நாப்பது நாளா வராம இன்னைக்கு வந்திருக்கீங்க, அவ்வளவுதான்.

எதுக்கு வந்தீங்கன்னு நானே சொல்லீர்றேன், நீங்க சுத்தி வளைக்க வேண்டாம். போன மாசம் வால்பாறைப் பக்கம் அந்த எஸ்டேட் ரோட்டுல நடந்த மலையேத்தப் பந்தயத்துல, ஏழாவது கொண்டை ஊசி வளைவுல, என்ற அண்ணன் திருமூர்த்தி வண்டியை ரோட்டுக்கு வெளிய விட்டான். அங்க கொடி புடிச்சு நின்ன ஆளுக்குக் கால் ஒடஞ்சுது. இவனுக்குத் தோள்பட்டை போச்சு. கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுனான்னு சொல்லி மூணு வருசத்துக்கு அவனோட ரேஸ் லைசென்ஸைப் புடுங்கிக்கறதா நீங்க முடிவு பண்ணி வெச்சிருக்கீங்க. நாப்பத்தி மூணு வயசுல மூணு வருசம்னா அதோட அவன் ஓட்டற சோலி முடிஞ்சுது. திங்கக்கெழமை கடைசிக் கூட்டம். வண்டிக்கு வேலை பார்த்த மெக்கானிக்கு ஏதாச்சும் சொன்னா அந்த முடிவு மாறும், இல்லாட்டி மாறாது. அந்த மெக்கானிக்கு நாந்தான். வெள்ளியங்கிரி. எழுதிக்கங்க.

நான் சொல்றேன். ஆனா பூராத்தையும் கேக்கோணும். பாதில எந்திரிச்சுப் போறதா இருந்தா இப்பவே போயிருங்க.

அந்த ஃபைல்ல அவன் எழுதிக் குடுத்தது இருக்குதுங்களா? இருக்கும். காட்ட வேண்டாம். நான் சொல்லி முடிக்கற வரைக்கும் காட்டக்கூடாதுன்னு உங்களுக்குச் சட்டம் இருக்கும். காட்டுனாலும் நான் படிக்கப் போறதில்லை. உள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். 'எனக்குத் தெரியாம தம்பி பண்ணிட்டான்.' அதுதான இருக்கும்? பேச்சு வந்த நாள்ல இருந்து அவன் அதைத்தான் சொல்லிட்டுத் திரியறான். எங்க தோட்டத்துல பம்புசெட் மோட்டாரைப் பொகைய விட்டது ரெண்டு பேரும். அப்பன் பெல்ட்டைக் கழட்டுனதும், 'தம்பிங்கப்பா'ன்னு ஒதுங்கி நின்னான். அவனுக்கு அப்ப ஒன்பது வயசு. எனக்கும் ஒன்பது வயசுதான்.

ஆமாங்க. ரெட்டைப் புள்ளைங்க. அண்ணன்னு சொன்னேன்னு பெரிய வயசு வித்தியாசம்னு நெனச்சுக்காதீங்க. பதினோரு நிமிசம். அந்தப் பதினோரு நிமிசத்துக்கு நான் நாப்பத்தி மூணு வருசமா 'அண்ணா, அண்ணா'ன்னு கூப்பிட்டுட்டு இருக்கறேன். எங்கம்மா பழக்கி விட்டது. நோம்பிக்குப் புதுச் சட்டை எடுத்தா மொதல்ல அவன் கைக்குப் போகும், அவன் வேண்டாம்ங்கற கலர் எனக்கு. எலையில மொதல் தோசை அவனுக்கு. தலைக்கு எண்ணெய் வெச்சாலும் மொதல்ல அவன் தலை, என் தலைக்கு வரும்போது தண்ணி ஆறிக் கெடக்கும். இதெல்லாம் சின்ன விசயம்னு நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு அண்ணன் இருக்கானா? இல்லீங்களா. அப்பச் சும்மா எழுதுங்க.

வேலையும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் ஒரே ஐடிஐல ஒரே வருசம் படிச்சோம், ஒரே ஒர்க்ஷாப்புல கை கறுத்தோம். அப்பறம் எப்பிடியோ அவன் ஸ்டியரிங் புடிக்கற ஆளாயிட்டான், நான் ஸ்பேனர் புடிக்கற ஆளாயிட்டேன். யாரு முடிவு பண்ணுனது? யாரும் பண்ணலை. வண்டியை ட்ராக்குல எறக்குன மொதல் நாள் அவன் போயி உக்காந்துட்டான். நான் கதவைச் சாத்தி விட்டேன். அவ்வளவுதான்.

பரிசு குடுக்கற எடத்துல பாருங்க, இன்னும் வேடிக்கை. எங்க மூஞ்சி ஒரே மூஞ்சி. பெரிய மனுசங்க வந்து என்ற கையைப் புடிச்சுக் குலுக்குவாங்க, 'பிரமாதம், அந்தக் கடைசி வளைவு பிரமாதம்'பாங்க. நான் அவன் இல்லீங்க, தம்பிங்கன்னு சொல்லுவேன். 'அட, தம்பியா'ன்னு கையை விட்டுருவாங்க. அந்தக் கடைசி வளைவுல வண்டி அப்பிடித் திரும்புனது எதுனாலன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நான் செஞ்ச வேலைனால திரும்புச்சு.

சரி, வண்டிக்கு வர்றேன்.

ஜப்பான் வண்டி, தொண்ணூத்தாறு மாடல். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குனது. வரும்போது இஞ்சின் வேற, பாடி வேறயா ரெண்டு லாரில வந்துச்சு. ஒரு வருசம் ஒக்காந்து நான் கோத்தேன். அவன் டீ வாங்கிட்டு வந்து குடுத்தான், பொய் சொல்லக்கூடாது, டீ வாங்கிட்டு வந்தான்.

நீங்க கிளப்புல இருக்கறீங்க, டர்போன்னா தெரிஞ்சிருக்கும். தெரியாட்டியும் சொல்றேன், இது புரியாட்டி மத்தது எதுவும் புரியாது. இஞ்சின் பொகை வெளிய போற வழியில ஒரு சக்கரம். பொகை அதைச் சுத்தும். அது சுத்துனா அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம் சுத்தி, வெளிக்காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். அதுதான் பூஸ்ட். காத்து நெறையப் போனா பெட்ரோல் நெறைய எரியும், வண்டி பறக்கும். இந்த வண்டில அந்த மாதிரி டர்போ ரெண்டு. ரெண்டும் ஒரே சைஸு, ஒரே அச்சுல வார்த்தது. பக்கத்துல பக்கத்துல வெச்சா எது எதுன்னு எனக்கே தெரியாது.

ஆனா கம்பெனிக்காரன் என்ன பண்ணி வெச்சிருக்கான்? மொதல்ல ஒண்ணு மட்டும் ஓடும். பொகை பூராவும் அதுக்குத்தான். இஞ்சின் நிமிசத்துக்கு நாலாயிரம் சுத்து வர்ற வரைக்கும் அது ஒண்ணே ராசா. ரெண்டாவதுக்குப் போற வழியில ஒரு மூடி போட்டு அடைச்சிருக்கும். நாலாயிரம் தாண்டுனதுக்கப்பறம் மூடி தெறக்கும், ரெண்டாவது வந்து சேந்துக்கும். வந்து சேர்ற எடத்துல வண்டிக்கு ஒரு விக்கல் வரும். ஒரு அரை விநாடி மூச்சு புடிச்சுட்டு அப்பறம் ஓடும். இந்தக் கூத்தை நடத்தறதுக்கு இருவத்திரண்டு சின்ன ரப்பர் ஓஸு, ஆறு வால்வு, ஒரு காத்து டப்பா. ஏதாச்சும் ஒரு ஓஸு விரிசல் விட்டா ஒரு வாரம் தேடோணும்.

அந்த ரெண்டாவது டர்போவைக் கழட்டி உள்ள பாத்தேனுங்க. தேயவே இல்லை. மொதலாவது கருகிக் காஞ்சு கெடக்குது, இது நேத்து வார்த்த மாதிரி இருக்குது. இருவத்தெட்டு வருசமா பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, எப்ப மூடி தெறக்கும்னு காத்துக்கிட்டுக் கெடந்திருக்குது. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. இரும்பு மேல என்ன ஆத்திரம்னு கேப்பீங்க. வந்துச்சு, அவ்வளவுதான்.

அதுக்கு ஒரு வேலை இருக்குது. எல்லாரும் பண்றதுதான், நான் கண்டுபுடிச்சதில்லை. அந்த மூடியை நிரந்தரமாத் தெறந்து வெச்சரோணும். ஓஸெல்லாம் புடுங்கிப் போட்டு ஓட்டையை அடைச்சரோணும். அப்ப ரெண்டும் மொதல்ல இருந்தே சேந்து ஓடும், சமமா. விக்கல் கெடையாது, ஓஸு தேடற வேலை கெடையாது. என்ன, பொகை ரெண்டாப் பிரியறதுனால கீழ்ச்சுத்துல கொஞ்சம் சோம்பலா இருக்கும். நாலாயிரம் கிட்ட வந்ததும் ரெண்டும் சேந்து எந்திரிக்கும். எந்திரிச்சா எந்திரிச்சதுதான்.

திருமூர்த்திகிட்டச் சொன்னேன். வேண்டாம்னான்.

"மலை ரோட்டுல கொண்டை ஊசி பூராவும் ரெண்டாவது கியருடா. கீழ்ச்சுத்துலயே இழுக்கோணும். நீ சொல்ற மாதிரிப் பண்ணுனா வளைவுல செத்துக் கெடந்துட்டு, திரும்பற நேரத்துல ஒரேயடியாத் தூக்கி வெளிய போட்டுரும்" அப்பிடின்னான்.

"அந்த விக்கல்னாலதான போன வருசம் ரெண்டாவதா வந்தே?"ன்னு கேட்டேன்.

"ஓட்டறவன் நானு. எனக்கு விக்கல் பழகிப் போச்சு. நீ அதுல கைய வெக்காத."

ஓட்டறவன் நானு. கேட்டுக்கங்க. இஞ்சினைக் கோத்தவன் நானு. அது கணக்குல வராது.

அவன் சொன்னதுல நாயம் இருக்குதா இல்லையான்னு நீங்க கேக்காதீங்க. அதுக்கு நான் அப்பறம் வர்றேன். டீ வேணுமுங்களா? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

எனக்கு ஏன் கண்ணாலம் ஆகலைன்னு கிளப்புல யாராச்சும் உங்ககிட்டச் சொல்லிருக்காங்களா? இதுக்கும் வண்டிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, எழுத வேண்டாம், சும்மா சொல்றேன். சூலூர்ல மரகதம்னு ஒரு புள்ளை. பேட்டரிக் கடையில கணக்குப் பார்த்துட்டு இருந்துச்சு. எனக்கு அதைப் புடிக்கும், அதுக்கு என்னைப் புடிக்கும். எங்க ரெண்டு பேரையும் பாத்தா ஊரே கொழம்பும், அது மட்டும் ஒரு தடவை கூட கொழம்புனதில்லை. தூரத்துல நடந்து வந்தாலே இது நீங்கன்னு சொல்லீரும். சாதகம் பொருந்துச்சு. அவங்க ஊட்டுல சரின்னாங்க. எங்கம்மா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'மூத்தவன் இருக்கறப்ப எளையவனுக்கு எப்பிடிப் பண்றது, ஊர் என்ன பேசும்.' மூத்தவன். பதினோரு நிமிசம்.

சரி, அவனுக்கு மொதல்ல ஆகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவன் பொண்ணு பாக்கறதுக்குப் போவான், மூக்கு சரியில்லைம்பான். இன்னொண்ணு, படிப்பு சாஸ்திம்பான். சீசன் முடியட்டும்பான். சீசன் முடிஞ்சா அடுத்த சீசன். ரெண்டு வருசம் அந்தப் புள்ளை ஊட்டுல காத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பறம் கரூர்ல குடுத்துட்டாங்க. அவனுக்கு முப்பத்தஞ்சு வயசுல கண்ணாலம் ஆச்சு. மேடையில அவன் பக்கத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவன் நானு. போட்டோவுல பாத்தா எவன் மாப்பிள்ளைன்னு மாலையை வெச்சுத்தான் கண்டுபுடிக்கோணும். எனக்கு அதுக்கு மேல பொண்ணு பாக்கப் பிரியமில்லை. அவன்கிட்ட ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. அவனும் ஒரு நாளும் கேட்டதில்லை. இதுக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லைன்னு சொன்னேனில்லீங்களா, விட்டுருங்க.

இப்ப அவன் போன்ல பேசுனதுக்கு வர்றேன். இதை ஒழுங்கா எழுதுங்க, இதுதான் முக்கியம்.

பந்தயத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி அவன் ரோட்டை நடந்து பாக்கறதுக்கு மேல போயிட்டான். நான் இங்க வண்டியோட. விக்கல் அதிகமா இருந்துச்சு, ஒரு ஓஸு போயிருச்சு. காலைல பத்தரை மணி இருக்கும், அவன் கூப்பிட்டான். மேல எஸ்டேட்ல சிக்னல் எப்பிடி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், பாதி வார்த்தை வரும், பாதி காத்துல போகும். "ஓஸு கெடைச்சுதா?"ன்னான். "கெடைக்கலை, பேசாம நான் சொன்ன மாதிரியே பண்ணீர்றேன், ரெண்டையும் சேத்து விட்டர்றேன்"ன்னேன். அவன் கத்துறான். கரகரன்னு சத்தம். அதுல "ரெண்டும் ஒண்ணா வரோணும்"ன்னு கேட்டுச்சு. லைன் கட்டாயிருச்சு.

அவன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்ன சொன்னானாம் தெரியுங்களா? அண்ணி வந்து எங்கிட்டக் கேட்டுச்சு. "ஒண்ணொண்ணா வரோணும்னு அவரு சொன்னாராமா, நீங்க மாத்திப் பண்ணீட்டீங்களாமா"ன்னு கேட்டுச்சு. ஒண்ணா, ஒண்ணொண்ணா. நடுவுல ஒரே ஒரு ஒண்ணு போச்சுன்னா அர்த்தம் தலைகீழாப் போயிருது. ஒண்ணொண்ணான்னா ஒருத்தன் பின்னாடி ஒருத்தன். ஒண்ணான்னா சேந்து. சிக்னல் முழுங்குனதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சிக்னலைப் போயி விசாரிங்க.

திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டியான்னு கேக்கறீங்க. கூப்பிடலை. சிக்னல் இல்லாத ஊருக்கு எதுக்குக் கூப்பிடறது. அன்னைக்குச் சாயங்காலம் அவன் பொள்ளாச்சிக்கு எறங்கி வந்து கூப்பிட்டான், அது வேற விசயம். அப்ப ஓட்டல் பத்தி, டயர் பத்திப் பேசுனோம். இதைப் பத்திப் பேச்சு வரலை. வேலை முடிஞ்சுதான்னு கேட்டான், முடிஞ்சுதுன்னேன். அதுல பொய் என்ன இருக்குது?

வேலையை நான் எப்பிடிப் பண்ணேன்னு பாத்திருந்தீங்கன்னா நீங்க வாயடைச்சுப் போயிருப்பீங்க. இருவத்திரண்டு ஓஸையும் உருவிப் போட்டேன், காய்கறிக் கூடை ரொம்பிருச்சு. மூடி இருக்கற தண்டுக்கு ஒரு ஸ்டீல் பட்டை வளைச்சு, அது இனிமே மூடவே முடியாத மாதிரி போல்ட்டு வெச்சு முடுக்குனேன். முடுக்கறப்ப அந்த ரெண்டாவது டர்போவை ஒரு தட்டுத் தட்டுனேன், போடான்னு. மத்தியானம் பைபாஸ்ல கொண்டு போயி மிதிச்சேன். மொதல்ல ஒண்ணுமில்லை. ரெண்டாயிரம், மூவாயிரம், சும்மா உருண்டுட்டு இருக்குது. நாலாயிரம் வந்துச்சு பாருங்க. ரெண்டும் சேந்து எந்திரிச்சு, என்ற முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. விக்கல் இல்லை. முன்னாடி பின்னாடிங்கறதே இல்லை. அன்னைக்கு நான் வண்டியை ஓரங்கட்டிட்டு ஒக்காந்து அழுதேன். சந்தோசத்துலதான். அதையும் எழுதாதீங்க.

பைபாஸ்ல கொண்டை ஊசி இல்லைன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லித்தான் தெரியோணுமா.

பந்தயத்துக்கு மொத நாள் பிராக்டிஸ் ஓட்டம் இருந்திருந்தா அவனே கண்டுபுடிச்சிருப்பான். பனி எறங்கிருச்சு, முன்னாடி போற வண்டியே தெரியலை, நீங்கதான் பிராக்டிஸை ரத்துப் பண்ணுனீங்க. அதுக்கு யாரு பொறுப்பு? அதையும் எழுதிக்கங்க. மறுநாள் காலைல அவன் நேரா ஸ்டார்ட்டுக்கு வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ஒக்காந்தான். பெல்ட்டை நாந்தான் இழுத்து மாட்டுனேன். என்ற மூஞ்சியைப் பாத்தான்.

"எல்லாஞ் சரிதானடா?"

"சரிதான்."

அவ்வளவுதான் பேசுனோம். அவன் கேட்டது சரிதானான்னு. எனக்கு அது சரியாத்தான் பட்டுச்சு. நீங்க மொறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

வண்டி கெளம்புச்சு. அங்க இருந்து வளைவெல்லாம் தெரியாது, சத்தம்தான் கேக்கும். மலை பூரா அந்தச் சத்தம் சுத்திச் சுத்தி வரும். மொத வளைவுல மூச்சே இல்லாம கெடந்துட்டுப் போச்சு. ரெண்டாவதும் அப்பிடித்தான். அவன் என்ன நெனச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். ஏதோ ஓஸு கழண்டுக்கிச்சு, மொத டர்போ தூங்குது, மிதிச்சு எழுப்பலாம்னு நெனச்சிருப்பான். தம்பி வேலைல தப்புன்னு நெனச்சிருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். அதனால ஒவ்வொரு வளைவுலயும் இன்னுங் கொஞ்சம் முன்னாடியே மிதிச்சிருக்கான். நீங்க வீடியோல பாத்துட்டு, வளைவு நடுவுல முழுசா மிதிச்சிருக்கான், பொறுப்பில்லாதவன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அது இதுதான்.

ஏழாவது வளைவுல சத்தம் அடங்குச்சு. அப்பறம் ரெண்டும் சேந்து வந்துச்சு. மலையே அதிர்ற மாதிரி. சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுங்களா. அந்தச் சத்தம் கேட்டப்ப ஒரு விநாடி எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. ஒரே ஒரு விநாடிதான். அப்பறம் சத்தமே இல்லை.

ஓடுனேன். ஏழு வளைவையும் ஓடியே ஏறுனேன். தேயிலைச் செடிக்குள்ள வண்டி கவுந்து கெடக்குது, கொடி புடிச்ச ஆளு கால்வாயில படுத்துக்கிட்டுக் கத்தறான். அவன் காலு இப்ப கூடிருச்சுன்னு கேள்வி. கூடிருச்சுங்களா? கம்பி வெச்சிருக்காங்களா. அது எனக்குத் தெரியாது. திருமூர்த்தியை வெளிய இழுத்துப் போட்டிருந்தாங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னான். "டேய், நீ மூடியத் தெறந்துட்டியாடா"ன்னான். ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க. நான் வண்டி கூடத் தங்கிட்டேன். அதுக்கப்பறம் அவனைப் பாக்கலை. நாப்பத்தி ரெண்டு நாளாச்சு.

ஏன் பாக்கப் போகலைன்னு ஊரே கேக்குது. எதுக்குப் போகோணும்? போயி நின்னா, 'தம்பிதான் பண்ணுனான்'ன்னு எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லுவான், நான் தலையைக் குனிஞ்சு நிக்கோணும். நின்னு பழகுன தலைதான். ஆனா இனிமே நிக்க மாட்டேன். உங்க கூட்டத்துல அவன் என்னைப் போட்டுக் குடுத்தா குடுக்கட்டும். நான் சொல்றது இதுதான், எழுதிக்கங்க. அவன் சொன்னது சரியாக் கேக்கலை. ஒண்ணான்னு கேட்டுச்சு. ஒண்ணாப் பண்ணேன். முடிஞ்சுது. கையெழுத்துப் போடறேன், குடுங்க.

என்னங்க? அதுக்கு முன்னாடி இதைப் படிச்சுப் பாக்கோணுமா? எதுக்கு? அவன் காயிதத்தை நான் படிக்க மாட்டேன்னு மொதல்லயே சொன்னேன்ல. சட்டமா. ரெண்டு பேர் சொல்றதும் ஒத்து வருதான்னு நான் பாத்துக் கையெழுத்துப் போடோணுமா. என்ன சட்டமோ, குடுங்க.

கையெழுத்தைப் பாருங்க. எடது கையில எழுதிருக்கான் போல, கோழி கெளறுன மாதிரி இருக்குது. கண்ணாடி எங்க வெச்சேன். சரி, இருக்கட்டும், தெரியுது.

'டர்போ அமைப்பை மாற்றும்படி சொன்னது நான்தான். என் தம்பி வெள்ளியங்கிரி நான் சொன்னதைக் கேட்டே அப்படிச் செய்தான். எப்போதும் என் சொல்லைத் தட்டாதவன். மாற்றிய வண்டிக்குத் தக்கபடி ஓட்டாதது என் தவறு. கிளப்பின் முடிவை ஏற்கிறேன். தம்பியை இதில் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

இது எப்பக் குடுத்தது? ஆஸ்பத்திரியில இருந்த அஞ்சாம் நாளா?

அப்ப அண்ணி வந்து எங்கிட்டக் கேட்டது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா? பின்னாடிதான். அப்ப அண்ணிக்குத் தெரியாமயே இதை எழுதிக் குடுத்திருக்கான்.

பாத்தீங்களா சார். பாத்தீங்களா இவனை. இங்கயும் முந்திக்கிட்டான். தப்பை ஒத்துக்கறதுக்கும் அவன்தான் மொதல்ல போயி நிக்கோணும். நான் இங்க நாப்பது நாளா தூக்கமில்லாம, யாரு வருவாங்க, என்ன கேப்பாங்க, என்ன சொல்றதுன்னு மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிட்டு இருக்கறேன். அவன் அஞ்சாம் நாளே எடது கையில எழுதிப் போட்டுட்டு, மூணு வருசம் போனாப் போகுதுன்னு படுத்துக்கிட்டு இருக்கான். என்னமோ பெரிய மனசாட்டம். ஓட்டாம இவனால மூணு மாசம் இருக்க முடியுமா? முடியாது. பைத்தியம் புடிச்சுரும். அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சு எழுதிருக்கான்.

அதுல என்ன வரி போட்டிருக்கான், பாருங்க. 'எப்போதும் என் சொல்லைத் தட்டாதவன்.' நானு. அவன் சொல்லைத் தட்டாதவன். இதை நீங்க திங்கக்கெழமை கூட்டத்துல எல்லாத்துக்கும் முன்னாடி படிப்பீங்க, இல்லீங்களா? தம்பி பாவம், அண்ணன் சொன்னான், இவன் பண்ணுனான். ஸ்பேனர் புடிக்கற கை, அதுக்குத் தனியா மூளை எதுக்கு. எல்லாரும் தலையாட்டிட்டு டீ குடிக்கப் போவீங்க.

இருங்க, எந்திரிக்காதீங்க. அந்தப் பேனாவை எடுங்க. இதுவரைக்கும் எழுதுனதை அடிச்சுருங்க. முழுசாவும் அடிங்க.

மாத்தச் சொன்னது அவன் இல்லை. வேண்டாம்னு சொன்னான், இந்தப் பட்டறையில, இதே எடத்துல நின்னு சொன்னான். வளைவுல தூக்கி வெளிய போட்டுரும்னு சொன்னான். அவன் சொன்னபடியேதான் ஆச்சு. சாயங்காலம் பொள்ளாச்சியில இருந்து கூப்பிட்டப்ப நான் சொல்லிருக்கலாம், சொல்லலை. ஸ்டார்ட்டுல வெச்சுக் கேட்டான், அப்பவும் சொல்லலை. அந்தக் கால் ஒடஞ்ச ஆளு, அவர் பேர் என்னங்க? வரதராசுவா. அவருக்கும் நாந்தான் பதில் சொல்லோணும், திருமூர்த்தி இல்லை. என்னை எத்தனை வருசம் பந்தயத்துக்கு வரக்கூடாதுன்னு வேணுமோ அத்தனை வருசம் போட்டுக்கங்க. அவன் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துருங்க. குடுக்கறப்ப, இது தம்பி சொன்னதுனால கெடைச்சுதுன்னு அவன்கிட்டச் சொல்லிக் குடுங்க. அவனுக்கு எரியட்டும்.

போன்ல அவன் பேசுனதா? அதையும் எழுதுங்க. ஒரு எழுத்து விடாம எழுதுங்க. ரெண்டும் ஒண்ணொண்ணாத்தான் வரோணும், நீ கைய வெக்காதன்னு சொன்னான். கரகரப்பெல்லாம் அதுக்கப்பறந்தான் வந்துச்சு. அவன் சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க சார். நாந்தான் கேக்கலை.

எங்க கையெழுத்துப் போடோணும்?